தென் பிரான்ஸ் குழுப் பயணம்: ஒன்பது நாளில் பத்து ஊர் சரிவருமா?

கேள்வி: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பதினாறு பேர் வரும் ஜூன் மாதத்தில் தென் பிரான்சுக்குச் சென்றுவரலாம் என்று எண்ணியிருக்கிறோம். ஒரே பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும் அவர்களுடைய வீட்டாரும்தான் குழு. பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். ஜூனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எங்களுள் ஒரு குடும்பத்தார் விசைப்படகு வைத்திருக்கிறார்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவர்களால் அப்போதுதான் நிம்மதியாக ஊரைவிட்டுக் கிளம்ப முடியும்.

பயண நிறுவனம் ஒன்று எங்களுக்கு ஒரு நிரல் தந்திருக்கிறது. பாரிஸில் தொடங்கி லியோன், அவினியோன், ஆர்ல், நீம், மார்செய், நீஸ், மொனாக்கோ, கார்கசோன், லூர்து எனப் பத்து இடங்களை ஒன்பது நாளில் பார்த்து முடிக்க வேண்டுமாம். ஒவ்வோர் இரவும் இந்திய உணவு வழங்கப்படும் என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வரலாற்றையும் உணவையும் அறிந்துகொள்ளத்தான் போகிறோம் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தும் நிரல் இப்படி வந்திருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. குழுவில் சிலருக்கோ இதுவே நிறைவாகத் தோன்றுகிறது. அவ்வளவு பணம் கொடுத்துப் போகும்போது நான்கைந்து ஊர்களோடு திரும்புவதா என்று அவர்கள் கேட்பதையும் என்னால் தட்டிவிட முடியவில்லை.

அந்தப் பகுதியை அறிந்தவர்கள் எந்த ஊர்களைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும், எவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். மூன்று பேர் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். மற்றவர்கள் மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர்கள்.

மறுமொழி 1: கப்பல் பொறியாளர், குளச்சல்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்த காலத்தில் மார்செய்க்குப் பக்கத்திலுள்ள ஃபோஸ் துறைமுகத்தில் பலமுறை இறங்கியிருக்கிறேன். விடுப்பு கிடைத்த நாள்களில் மார்செய் நகரில்தான் பொழுதைக் கழித்தேன். என்னைக் கேட்டால் பாரிஸ், லியோன், மொனாக்கோ மூன்றையும் முதலில் அடித்துவிடுங்கள். முதல் இரண்டும் தென் பிரான்ஸ் அல்ல. மூன்றாவது பிரான்சே அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்று அங்கிருந்து நேராக நீஸில் இறங்கினால், பாரிஸிலிருந்து தெற்கே இறங்கிவரும் ஒரு முழு நாள் உங்கள் கையில் மிஞ்சும்.

மார்செய்யை மட்டும் எக்காரணம் கொண்டும் அரை நாளில் முடித்துவிடாதீர்கள். கி.மு. 600ஆம் ஆண்டையொட்டி, இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த ஃபோசியா என்ற ஊரின் கிரேக்கர்கள் வந்து மஸ்ஸாலியா என்ற பெயரில் நிறுவிய துறைமுகம் அது. திராட்சைப் பயிரும் ஒலிவ மரமும் அந்த மண்ணில் பரவியதற்கு அவர்களே காரணம் என்பார்கள். 1967இல் ஒரு வணிக வளாகத்துக்கு அடித்தளம் தோண்டியபோது பழைய துறைமுகத்தின் கற்சுவர்கள் வெளிப்பட்டன. இப்போது நகர வரலாற்று அருங்காட்சியகத்தை ஒட்டிய தோட்டத்தில் அவற்றைப் பார்க்கலாம். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் இன்றைய பழைய துறைமுகக் கரை வந்துவிடும். காலையில் சிறு படகுக்காரர்கள் தாங்கள் பிடித்த மீனைத் தாங்களே தட்டில் பரப்பி விற்கிறார்கள். படகு வைத்திருக்கும் உங்கள் நண்பர்களை அங்கே விட்டுவிட்டீர்களானால் அவர்களைத் திரும்ப அழைத்து வருவதுதான் உங்களுக்குப் பெரும்பாடாக இருக்கும்.

உணவு என்றால் அங்கே பூயாபேஸ்தான். கரையில் விலைபோகாத, முள் மிகுந்த பாறைமீன்களை மீனவர்கள் தங்களுக்காகக் காய்ச்சிக்கொண்ட குழம்பு அது. ‘கொதிக்கட்டும், பிறகு தீயைத் தணி’ என்ற பொருள் தரும் அப்பகுதியின் பழைய மொழியான புரோவான்ஸின் இரண்டு சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது. சிறு மீன்களை வெங்காயம், தக்காளி, பூண்டு, பெருஞ்சீரகத் தண்டு, ஒலிவ எண்ணெய், குங்குமப்பூ ஆகியவற்றோடு வேகவைத்து, மசித்து வடிகட்டிச் சாறு எடுக்கிறார்கள். அந்தச் சாற்றில் ராஸ்காஸ் என்னும் செந்நிறப் பாறைமீனும் கடல் விலாங்கும் வேறு சில மீன்களும் துண்டாகாமல் வேகின்றன. முதலில் சாறு மட்டும் வரும். பூண்டும் மிளகாயும் அரைத்துச் சேர்த்த ரூய் என்ற கூழைத் தடவிய ரொட்டித் துண்டுகளை அதில் மிதக்கவிட்டு உண்ண வேண்டும். அதன் பிறகு மீனைத் தனித் தட்டில் கொண்டுவந்து உங்கள் கண்முன்னே பிரித்து வைப்பார்கள். கண்டவர்கள் கண்டபடி செய்து சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றியதால், 1980இல் மார்செய் உணவகத்தார் சிலர் கூடி, குறிப்பிட்ட மீன்களுள் குறைந்தது நான்கு வகையாவது இருக்க வேண்டும் என்று ஓர் உடன்பாடு எழுதிக்கொண்டார்கள்.

நம் ஊர் மீன்குழம்பான புளிமுளத்தோடு ஒப்பிட்டு ஏமாந்துவிடாதீர்கள். புளியும் இல்லை, தேங்காயும் இல்லை, காரமும் பேருக்குத்தான். ஆனால் மீன் உடையாதிருக்க அகப்பை போடாமல் சட்டியைச் சுழற்றும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தச் சமையற்காரரின் கவலை உடனே புரியும். ஏழை மீனவரின் குழம்பு இன்று ஒருவருக்கு 60 யூரோவைத் தாண்டுகிறது. முன்னதாகவே சொல்லிவைத்தால்தான் ஒழுங்கானது கிடைக்கும். பதினாறு பேரும் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை, விருப்பமுள்ளவர்கள் மட்டும் ஒரு நண்பகலில் உண்ணுங்கள்.

மாலையில் குன்றின்மேல் இருக்கும் நோத்ர் தாம் து லா கார்து ஆலயத்துக்குச் செல்லுங்கள். 1864இல் நேர்ந்தளிக்கப்பட்டது. கோபுரத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய மாதா சுரூபம் 11 மீட்டருக்கு மேல் உயரம். கடலிலிருந்து வரும் எவருக்கும் முதலில் தெரிவது அதுதான். ஊரார் அந்த மாதாவை ‘நல்ல அம்மா’ என்றே அழைக்கிறார்கள். கடலில் தப்பிப் பிழைத்தவர்கள் நேர்ந்துவைத்த சிறு கப்பல் உருவங்கள் கூரையிலிருந்து தொங்குவதைப் பார்த்து நான் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மறுமொழி 2: பொதுப்பணித்துறைப் பொறியாளர் (ஓய்வு), திருவட்டாறு

குளச்சல் அண்ணாச்சி கடலைச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், தங்குமிடத்தை நாள்தோறும் மாற்றும் அந்த நிரலை நீங்கள் ஏற்கவே கூடாது. ஐரோப்பாவில் பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அது சட்டம். நிரலில் ஊர்களைக் கூட்டக் கூட்ட, இறங்கிப் பார்க்கும் நேரம்தான் குறையுமே தவிர ஓட்டுநர் விரைந்து ஓட்டப்போவதில்லை.

நீம் நகரில் மூன்று இரவு தங்குங்கள். அங்கிருந்து பான் து கார் பாலம் 25 கிலோமீட்டர் அளவிலும், ஆர்ல் 30 கிலோமீட்டர் அளவிலும், ஏக் மோர்த் 40 கிலோமீட்டர் அளவிலும், அவினியோன் 45 கிலோமீட்டர் அளவிலும் இருக்கின்றன. நாகர்கோவிலில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு பத்மநாபபுரம், சிதறால், மாத்தூர், கன்னியாகுமரி என்று போய்ப் போய்த் திரும்புவதைப் போன்றதுதான்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் பான் து காரைப் பார்க்காமல் திரும்புவது சரியல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமர் கட்டிய அந்தப் பாலம் மூன்று அடுக்கு வளைவுகளோடு கார்தோன் ஆற்றின் மேல் ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஊசேஸ் என்ற ஊருக்கு அருகிலுள்ள ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயின் ஒரு துண்டு மட்டுமே அந்தப் பாலம். கால்வாயின் மொத்த நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்தான் இருக்கும். மலைகளைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்ததால் இவ்வளவு நீண்டுவிட்டது. இதில் நான் வியந்தது பாலத்தின் உயரத்தை அல்ல. 50 கிலோமீட்டருக்கும் சேர்த்து அவர்களுக்குக் கிடைத்த இறக்கம் 13 மீட்டர்கூட இல்லை. தியோடலைட்டும் மட்டக் கருவியும் கையில் வைத்துக்கொண்டு பட்டணங்கால் என்ற நம் பாசனக் கால்வாயின் கரையில் அலைந்த எனக்கு, இந்தக் கணக்கைப் படித்தபோது உண்மையிலேயே கூச்சமாக இருந்தது. கீழிரண்டு அடுக்குகளின் பெருங்கற்கள் சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்த்தப்பட்டவை. நீரில் இருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து கால்வாயின் உட்பக்கம் சுருங்கிப்போனதை இன்றும் அங்கே காணலாம். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதும் அதே சுண்ணாம்புதான்.

1966இல் கட்டி முடித்த நம் தொட்டிப்பாலம் பறளியாற்றின் மேல் வயலுக்குத் தண்ணீர் கொண்டுசெல்கிறது. அவர்களுடையது நகரத்தின் குளியல் மண்டபங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் கொண்டுசென்றது. நோக்கத்தில் இந்த வேறுபாடு உண்டு. பாலம் பார்த்த அன்றே நீம் நகருக்குள் சென்று, வந்த தண்ணீரைப் பிரித்துவிட்ட வட்டத் தொட்டியையும் பார்த்துவிடுங்கள். சுவரில் குழாய்களுக்கான துளைகள் அப்படியே இருக்கின்றன. ஆயக்கட்டுக்குத் தண்ணீர் பிரிக்கும் மடையைத் தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. பெரும்பாலான குழுக்கள் அந்தத் தொட்டியைக் காட்டாமலேயே கடந்துவிடுகின்றன. அதே நகரில் உரோமர் காலத்து அரங்கமும், 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மேசோன் கரே கோயிலும் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன.

நீங்கள் ஜூனில் செல்வது நல்லதே. இலையுதிர் காலத்தில் அங்கே செவென் மலைப்பக்கம் திடீர்ப் பெருமழை கொட்டும். 2002 செப்டம்பரில் நீம் நகரை உள்ளடக்கிய ‘கார்’ மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது. புதிய பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டபோதும் உரோமர் பாலம் நின்றது.

ஆர்ல் நகருக்கு ஒரு நாள் ஒதுக்கினால், பிற்பகலில் கமார்க் கழிமுகத்தையும் பாருங்கள். ரோன் ஆறு கடலோடு கலக்கும் அந்தச் சதுப்பில் நெல் விளைகிறது என்பதை நம் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். உப்பேறிய நிலத்தை நன்னீர் தேக்கிக் கழுவுவதற்கு நெற்பயிர் உதவியது. இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலைகளுக்கென்று இந்தோசீனாவிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களுள் சிலரை அங்கே அனுப்பித்தான் அந்த வேளாண்மைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். இன்று கமார்க் சிவப்பரிசி கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறது. நம் சம்பா அரிசியை உண்டு பழகியவர்கள் அதன் மணத்தை உடனே கண்டுகொள்வார்கள். விளையவைத்தவர்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம் என்பதையும் வழிகாட்டி சொல்லவேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

மறுமொழி 3: சுசீந்திரத்திலிருந்து ஓர் இல்லத்தரசி

ஆசிரியை அக்காவுக்கு, ‘ஒவ்வோர் இரவும் இந்திய உணவு’ என்ற வரியை நம்பி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நாங்கள் சென்ற நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாலை ஐந்தரை மணிக்கு, வெயில் இன்னும் பொன்னாகக் காய்ந்துகொண்டிருக்கும்போதே, ஊரைப் பார்த்தது போதும் என்று எங்களைப் பேருந்தில் ஏற்றி, முக்கால் மணி நேரத்துக்கு அப்பால் நெடுஞ்சாலையோரம் இருந்த உணவகத்துக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே கிடைத்தது பனீரும் பருப்பும். மூன்று நாள் தொடர்ந்து அதுவேதான். அந்த ஊர் மக்கள் சதுக்கத்தில் அமர்ந்து பேசத் தொடங்கும் நேரத்தில் நாங்கள் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

நான் முட்டைகூட உண்ணாதவள். ஆயினும் தென் பிரான்ஸ் எனக்குப் பட்டினி போடவில்லை. நீஸ் நகரில் சொக்கா என்று ஒன்று விற்கிறார்கள்: கடலை மாவை நீரும் ஒலிவ எண்ணெயும் உப்பும் சேர்த்துக் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டு, மேலே நல்லமிளகுப் பொடி தூவித் தருவார்கள். ஓரம் முறுகலாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருக்கும். நம் அடையின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய், சுரைக்காய் போன்ற குர்ஜெட், குடைமிளகாய், தக்காளி ஆகியவற்றை ஒலிவ எண்ணெயில் வதக்கும் ரட்டட்டூய் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும். அவரை வகைகளும் காய்களும் இட்டு, துளசி இனத்து இலையைப் பூண்டோடு அரைத்துக் கலக்கும் பிஸ்தூ சூப்பும் நல்லதே. அதில் பாலாடைக்கட்டி சேர்ப்பதுண்டு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாற்றும் பண்டங்கள் வேறு உண்டு. கருப்பு ஒலிவக் காயை அரைத்த துவையல் என்று தபெனாடை எடுத்துவைப்பார்கள். அதில் நெத்தோலி போன்ற உப்பு மீன் கலந்திருக்கும். வெங்காயம் பரப்பிய பிசலாதியேர் அப்பத்திலும் அப்படியே. நீஸ் சாலட்டில் மீன் வைக்காவிட்டால் அதை அவர்கள் சாலட்டாகவே மதிப்பதில்லை. மரபு வழிப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறையச் செய்வதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்து முடிவெடுக்க வேண்டும். ‘சைவம்’ என்று ஒற்றைச் சொல்லில் சொன்னால் மீன் வந்துவிடுவதும் உண்டு. ஆகையால் ‘சான் வியாந்த், சான் புவாசோன்’, அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

நேரத்தையும் மறந்துவிடாதீர்கள். நண்பகல் உணவு 12 மணியிலிருந்து 2 மணி வரைதான். அதற்குப் பிறகு சமையலறையை மூடிவிட்டால் இரவு ஏழு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். நம் வீட்டில் மூன்று மணிக்குச் சோறு கேட்பவர்கள் அங்கே பட்டினிதான் கிடக்க வேண்டும். குடிநீருக்கு ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவார்கள். கேட்காவிட்டால் விலைக்கு விற்கும் புட்டி வரும்.

கேள்வி கேட்டவர்: ஆசிரியை, நாகர்கோவில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை அச்சிட்டு நேற்று எங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். நீஸில் இரண்டு இரவு, மார்செய்யில் இரண்டு இரவு, நீமில் மூன்று இரவு, கார்கசோனில் ஓர் இரவு, துலூஸில் ஓர் இரவு என்று மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். இரவுணவை நாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் தொகையிலும் சிறிது குறைத்தார்கள். ஆனால் கத்தோலிக்கக் குடும்பத்தார் லூர்து இல்லாமல் வரமாட்டோம் என்கிறார்கள். மைலாடியைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. (சீர்திருத்தக் கிறித்தவ வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம் ஒன்று, எங்களுக்கு என்ன இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்கிறது. படகுக்காரர் மனைவியோ கருவாடு கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறார்.

மறுமொழி 4: கப்பல் பொறியாளர், குளச்சல்

துலூஸ் இரவை லூர்துக்குக் கொடுத்துவிடுங்கள். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பெர்னதெத் என்ற சிறுமிக்குப் பதினெட்டு முறை மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் குகை அது. இரவு ஒன்பது மணிக்கு நடக்கும் மெழுகுவர்த்திப் பவனிதான் அங்கே மனத்தைத் தொடுவது; பகலில் போய் மாலையில் திரும்பினால் அது கிடைக்காது. மறுநாள் காலை துலூஸுக்கு வந்து விமானம் ஏறலாம்.

கார்கசோன் கோட்டையில் 52 கோபுரங்கள், இரட்டை மதில். பார்க்க வேண்டியதுதான். எனினும் நீங்கள் காண்பதில் ஒரு பகுதி, 19ஆம் நூற்றாண்டில் வியொலே லெ துய்க் என்ற கட்டடக் கலைஞர் தம் எண்ணப்படி புதுப்பித்தது. வரலாற்று ஆசிரியையான உங்களுக்கு அதைப் பற்றி விவாதிக்க நிறைய இருக்கும். அங்கே கசூலே என்று வெள்ளை மொச்சையும் வாத்தும் பன்றித் தொத்திறைச்சியும் சேர்த்துச் சட்டியில் வேகவைத்துத் தருவார்கள். ஜூன் வெயிலுக்கு அது வயிற்றில் கல்லாக அமரும், இருவருக்கு ஒன்று போதும்.

மறுமொழி 5: பொதுப்பணித்துறைப் பொறியாளர் (ஓய்வு), திருவட்டாறு

மைலாடிக் குடும்பத்தாரை ஏக் மோர்த் அழைத்துச் செல்லுங்கள். ஒன்பதாம் லூயி மன்னர் 1248இல் சிலுவைப் போருக்குக் கப்பலேறிய ஊர் அது. மதிலின் மூலையில் நிற்கும் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில், சீர்திருத்தக் கிறித்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்த பெண்களைச் சிறைவைத்திருந்தார்கள். மரி துராண் என்பவர் 1730இல் இளம்பெண்ணாக உள்ளே சென்று 38 ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தார். ‘எதிர்த்து நில்’ என்று கல்லில் கீறப்பட்ட ஒற்றைச் சொல்லை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் உப்பளம் விரிந்திருக்கும். மிகுந்த உப்பில் வாழும் ஒரு நுண்பாசிதான் அந்த நிறத்துக்குக் காரணம். நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளங்களைத் தினமும் பார்ப்பவர்களுக்கும் அது புதிதாகவே இருக்கும்.

மறுமொழி 6: சுசீந்திரம்

கருவாட்டுக்குத் தடையில்லை, சொந்தப் பயன்பாட்டுக்கு ஒருவர் 20 கிலோ வரை மீன் பண்டங்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகலாம். தடை என் போன்றவர்களுக்குத்தான்: பால் பண்டங்கள் கூடாது என்பதால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பொடியும் ஊறுகாயும் போதும். ஆனால் கருவாட்டை விடுதி அறையில் பிரிக்க வேண்டாம் என்று படகுக்கார அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவருக்கு நீம் நகரிலேயே பிராந்தாத் கிடைக்கும். ஏக் மோர்த் உப்பைக் கொடுத்து வடகடல் மீனவர்களிடம் மாற்றிக்கொண்ட உப்பு மீனை ஒலிவ எண்ணெய் விட்டு மசித்தது. விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ; 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பதினாறு பேருக்கும் ஒரே நாளில் முன்பதிவு கிடைப்பது கடினம், ஆகவே மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.